இசைக்கலைஞரை ஒரே கோட்டில் வரைந்து கம்பியில் நிறுத்துவது: கால்டர் காட்டிய வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1930-ஐ ஒட்டிய காலத்தில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் தலையைக் கம்பியால் செய்தார். இன்று அது நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே களிமண் கிடையாது, கல் கிடையாது, வெறும் கம்பிதான். ஆனாலும் நெற்றியும் மூக்கும் தாடையும் அதனதன் இடத்தில் நிற்கும். ஓரிடத்தில் நின்று பார்த்தால் பேனாவால் போட்ட கோட்டோவியம். இரண்டடி நகர்ந்தால் அந்த ஓவியமும் நம்மோடு சேர்ந்து திரும்பும்.

இதன் படத்தைப் பார்த்துவிட்டு ஆசையோடு கம்பியும் கொறடுமாக உட்காருகிறவர்கள் பலர். அரை மணி நேரத்தில் ஒரு கசங்கிய உருண்டையோடு எழுந்துவிடுவார்கள். நான் பார்த்தவரை காரணம் அநேகமாக ஒன்றுதான்: வரைந்து முடிப்பதற்கு முன்பே கம்பியைத் தொட்டுவிடுகிறார்கள். சிற்பியின் வரைபடம் கம்பிக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. பாதை தெரியாமல் கிளம்பினால் கம்பி எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு மிருதங்க வித்வானை உட்காரவைத்து இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறோம். அந்த அனுபவத்தில் உறுதியான வரிசை இது. உங்களுக்கு வயலின்காரரோ நாகஸ்வரக்காரரோ கிடைத்தால் கருவிதான் மாறும், வரிசை மாறாது. வரைவதற்கு ஒரு நாள், வளைப்பதற்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

1. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

வரைவதற்கு: ஏ3 அளவில் மலிவான தாள் ஒரு ஐம்பது, கிளிப் போட்ட அட்டை, அழிக்க முடியாத கறுப்பு மைப் பேனா, பட்டர் பேப்பர் நாலைந்து, ஒரு சிவப்பு பென்சில். ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ரப்பர் இருந்தால் கோடு தயங்கும். தயங்கிய கோட்டைக் கம்பியில் கொண்டுவர முடியாது.

வளைப்பதற்கு: 18 கேஜ் கட்டுக்கம்பி அரை கிலோ. கட்டடவேலையில் கம்பி கட்டப் பயன்படும் அதே கறுப்புக் கம்பிதான், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 1.2 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். சூடேற்றிப் பதப்படுத்தியது என்பதால் விரலுக்கு வளையும், வளைத்த இடத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வாங்கிவந்துவிடுகிறார்கள். அது வளைத்தால் பாதி தூரம் திரும்பி வரும், கை வலியெடுக்கும். முதல் உருவத்துக்கு அது வேண்டாம்.

கூடவே ஒரு மூக்குக் கொறடு, ஒரு கட்டிங் பிளையர், தையல் நூல்கண்டு, பழைய துணி, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. இந்தக் கடைசிப் பொருளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று மீட்டர் கம்பியின் நுனி சுழன்று வரும்போது அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இசைக்கலைஞரிடம் முதலிலேயே இரண்டு விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஒன்று, அவர் நமக்காக அசையாமல் உட்கார வேண்டாம், வழக்கம்போல் சாதகம் செய்தால் போதும். இரண்டு, நடுவில் நாம் எழுந்து இடம் மாறுவோம். இதைச் சொல்லாமல் விட்டால், பேனாவை எடுத்ததும் அவர் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுவார். அப்புறம் வரைவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

2. உட்காரும் இடம்

அவருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். அவர் வலது முழங்காலுக்கு எதிரே, சற்று ஒதுங்கி, ஆறேழு அடி தள்ளி உட்காருங்கள். நேர் எதிரே இருந்தால் மிருதங்கம் குறுக்கே படுத்துக்கிடக்கும், இரண்டு கைகளும் பக்கவாட்டில் ஒரேமாதிரி தெரியும், எது முன்னே எது பின்னே என்பதே தெரியாது. முக்கால் பக்கத்திலிருந்து பார்த்தால் வலந்தலை எனப்படும் வலப்பக்கத் தோல்முகம் நமக்குக் கிட்டே பெரிய வட்டமாகவும் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோல்முகம் தூரத்தில் ஒடுங்கியும் தெரியும். உண்மையில் இரண்டில் பெரியது தொப்பிதான். அது தூரத்தால் சின்னதாகத் தெரிகிறது என்பதை இங்கேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாவது கட்டத்தில் இந்தக் கணக்கு தேவைப்படும்.

விளக்கு ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். அது போதும்.

3. முதல் பத்து நிமிடம் பேனா மூடியே இருக்கட்டும்

வாசிப்பவரின் உடல் ஓயாமல் அசையும், ஆனால் மனம்போனபடி அசையாது. ஓர் ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்குள், அவர் தோள் எங்கே எழுகிறது, தலை எப்போது சாய்கிறது, எந்த நிலைக்கு மறுபடி மறுபடி வந்து சேருகிறார் என்று பாருங்கள். மறுபடி வந்து சேரும் அந்த நிலைதான் நாம் வரையப்போவது. அது ஓடிப்போய்விடாது, அடுத்த சுற்றில் திரும்ப வரும். இது தெரிந்துவிட்டால் அவசரம் போய்விடும், கோட்டில் பதற்றமும் இருக்காது.

பார்க்காமல் வரையத் தொடங்கியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். எங்கள் வகுப்பில் ஒரு பையன் வலது கையை மிக அழகாக வரைந்திருந்தான், ஐந்து விரலும் விசிறிபோல் எழும்பி நின்றன. வித்வான் தாளை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தக் கையிலேருந்து 'நம்'ங்கிற சொல் வராது."

"ஏன் சார்?"

"மோதிர விரல் தோலை விட்டு எழும்பக் கூடாது. அது கரணை ஓரத்துல லேசாத் தொட்டுக்கிட்டே இருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் போய் மீட்டுல விழும். ரெண்டும் எழும்பினா சத்தம் செத்துப்போகும்."

சொல்லிவிட்டு வாசித்தும் காட்டினார். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான கரணையின் விளிம்பில் மோதிர விரல் படிந்தபடி இருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து, வெளி ஓரத்துத் தோல் வளையமான மீட்டில் விழுந்தது. ஒரு விரல் தங்குகிறது, ஒரு விரல் போய்வருகிறது. அந்த வேறுபாட்டைக் கோட்டில் பிடித்தால் கை வாசிக்கும். பையன் அன்று வரைந்த அடுத்த பத்துக் கைகளும் உயிரோடு இருந்தன. எந்தக் கருவியானாலும் இப்படித் தங்கும் விரல் ஒன்று இருக்கும். வயலினில் தந்தியை அழுத்தும் விரல், நாகஸ்வரத்தில் துளையை மூடியே வைத்திருக்கும் விரல். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

4. அரை நிமிடப் படங்கள், இருபது

ஒரு தாளில் நான்காக மொத்தம் இருபது படங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். இதில் முகம் வேண்டாம், விரல் வேண்டாம். மூன்றே விஷயங்கள் போதும்: உடலின் எடை தரையில் எங்கே இறங்குகிறது, முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது, கருவி எந்தக் கோணத்தில் கிடக்கிறது.

மிருதங்கக்காரர் சம்மணமிட்டு, வலது காலைச் சற்று முன்தள்ளி, மிருதங்கத்தின் வலப்பக்கத்தை அந்தக் கணுக்கால்மீது ஏற்றிவைத்திருப்பார். அதனால் மிருதங்கம் தரைக்குச் சமமாகப் படுத்திருக்காது. அந்தச் சின்னச் சாய்வை விட்டுவிட்டால் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடும். இருபது படமும் முடிந்ததும் தரையில் பரப்பிப் பாருங்கள். ஏழெட்டுப் படங்களில் ஒரே சாய்வு திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதுதான் உங்கள் உருவத்தின் முதுகெலும்பு.

5. பேனா எடுக்காத ஒரே கோடு

இதுதான் மையமான கட்டம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கால்டர் 1919-ல் இயந்திரப் பொறியியல் படித்து முடித்தவர். பிறகு நியூயார்க்கில் ஓவியம் படித்தபோது சுரங்க ரயிலில் வந்துபோகும் ஆட்களை ஒரே கோட்டில் வரைந்து பழகினார். 1926-ல் பாரிஸ் போய்க் கம்பியைக் கையில் எடுத்தபோது கோடு அவரிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டத்தைத் தாண்டிப்போக நான் யாரையும் விடுவதில்லை.

விதி ஒன்றே: பேனா தாளைத் தொட்டதிலிருந்து முடியும்வரை எடுக்கக் கூடாது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக வேண்டுமானால் வழி கண்டுபிடித்துத்தான் போக வேண்டும். கம்பியும் அப்படித்தான், அதற்குத் தாவத் தெரியாது.

எங்கே தொடங்குவது? பத்தில் எட்டுப் பேர் முகத்தில் தொடங்குகிறார்கள். முகத்தில் தொடங்கினால் எல்லாக் கவனமும் அங்கேயே செலவாகி, கழுத்துக்குக் கீழே அளவு குலைந்து, மிருதங்கம் தாளுக்கு வெளியே போய்விடும். வரேஸின் உருவத்தில் தலை மட்டும்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அவர் இசையமைப்பாளர். 13 தாளவாத்தியக்காரர்களுக்கென்று ஒரு முழுப் படைப்பையே எழுதியவர். அவர் வேலை நடந்த இடம் தலை. உங்கள் முன்னே இருப்பவர் வாசிக்கிறவர். அவர் வேலை நடப்பது தோலும் விரலும் சந்திக்கும் இடத்தில். ஆகவே கோடு அங்கே போய்ச் சேரும்படி பாதை போடுங்கள்.

மிருதங்கக்காரருக்கு நாங்கள் கண்டுபிடித்த பாதை இது. வலது பாதத்தில் தொடங்கி, அதன்மேல் ஏறிய வலந்தலையை ஒரு வட்டமாகச் சுற்றுங்கள். அங்கிருந்து தொப்பிக்குப் போக வழி வேண்டுமே. அதை மிருதங்கமே கொடுக்கிறது: வார். ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு இழுத்துக்கட்டிய தோல்வார்மீது கோட்டை ஓட்டுங்கள், நடுவில் கட்டையின் புடைப்பு வளைவு தானாக வந்துவிடும். தொப்பியைச் சுற்றி முடித்ததும் கோடு இடது உள்ளங்கையில் ஏறும், முன்கை, முழங்கை, தோள் என்று மேலே போகும், தலையைச் சுற்றும், வலது தோளில் இறங்கும், வலது கை வழியாக ஆள்காட்டி விரலைச் சுற்றி, மோதிர விரல் நுனியில் வந்து மறுபடி வலந்தலையைத் தொடும். ஒரு சுற்று முழுமையாக முடிந்துவிட்டது. தொடங்கிய இடத்துக்குக் கோடு திரும்பிவிட்டதால், கம்பியில் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுப் பூட்டவும் முடியும்.

இடுப்பும் மடித்த கால்களும் மீதி இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டாவது கோடு போட்டுக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரே கம்பியாக இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. கால்டரும் பல உருவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளைச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்.

இந்தப் பாதையில் குறைந்தது பதினைந்து முறை வரையுங்கள். முதல் ஐந்து மோசமாகத்தான் வரும். ஆறாவதில் கைக்கு வழி தெரியும், பத்தாவதுக்குமேல் கண் தாளை விட்டு வித்வானையே பார்க்கத் தொடங்கும்.

இங்கே வரும் தவறுகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, வெளிவிளிம்பை மட்டும் சுற்றிவருவது. அப்படிச் செய்தால் கிடைப்பது நிழலுருவம், தோசைக்கல்லில் வார்த்த மனிதன்போல் தட்டையாக இருக்கும். கோடு உடலின் குறுக்கேயும் போக வேண்டும்: மார்பின்மேல் கிடக்கும் அங்கவஸ்திரத்தின் ஓரம், முன்கையைச் சுற்றும் சட்டைக்கையின் விளிம்பு, கழுத்துச் சங்கிலி. குறுக்கே போகும் கோடுதான் உடலுக்குப் பருமன் இருப்பதைச் சொல்லும். இரண்டாவது, இருட்டான இடத்தைக் கோடு கோடாக நிரப்பி நிழல் போடுவது. கம்பியில் நிழலை வளைக்க முடியாது. பேனா நிழல் போடத் தொடங்கினால் நிறுத்திவிட்டுப் புதுத் தாள் எடுங்கள்.

6. முன்னே எது, பின்னே எது: எண் போடுதல்

பதினைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அழகானதைத் தேட வேண்டாம். கோட்டின்மேல் விரலை வைத்து ஓட்டும்போது எங்கும் தடுக்காதது எதுவோ அது. அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்து ஒருமுறை நிதானமாகப் பிரதி எடுங்கள். எடுக்கும்போதே, இல்லாவிட்டாலும் குறையாது என்று தோன்றும் சுழிகளை விட்டுவிடுங்கள்.

இப்போது சிவப்பு பென்சில். உங்களுக்கு மிகக் கிட்டே இருக்கும் இடத்துக்கு 1, மிகத் தூரத்தில் இருப்பதற்கு 5 என்று கோட்டின் நெடுக எண் போடுங்கள். வலது பாதமும் வலந்தலையும் 1, வலது கைவிரல் 1, வலது முழங்கை 2, மூக்கு 2, முதுகு 4, தொப்பி 4, இடது முழங்கை 5 என்று வரும். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் எது மேலே போகிறதோ அதைச் சிவப்பில் தடிப்பாக்குங்கள்.

சலிப்பான வேலைதான். ஆனால் ஓவியரின் படம் சிற்பியின் படமாக மாறுவது இந்த எண்களில்தான். தாளில் எல்லாக் கோடும் ஒரே தளத்தில் கிடக்கிறது, கண்தான் முன்பின் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. கம்பிக்கு அப்படி யாரும் படித்துக் கொடுக்க மாட்டார்கள். எண் போடாமல் வளைத்தவர்களின் உருவத்தை எதிரே வைத்துப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் கம்பிதான் தெரியும்.

எண் போட்டதும் எழுந்து இடம் மாறுங்கள். வித்வானின் இடது பக்கத்திலிருந்து ஒரு படம், முடிந்தால் நாற்காலியில் ஏறி மேலிருந்து ஒரு படம். இரண்டும் கரடுமுரடாக இருந்தால் போதும். மேலிருந்து பார்த்தால்தான் மிருதங்கத்துக்கும் மார்புக்கும் நடுவே எவ்வளவு வெளி இருக்கிறது என்று தெரியும். அந்த வெளியையும் நாம் செய்கிறோம். கம்பிச் சிற்பத்தில் கம்பிக்கு எவ்வளவு பங்கோ அதற்குமேல் அந்தக் காலி இடத்துக்குப் பங்கு உண்டு.

7. நூலால் அளப்பது

தையல் நூலைக் கோட்டின்மேல் வைத்து, வளைவுக்கெல்லாம் வளைத்து, தொடக்கம் முதல் முடிவுவரை அளந்து வெட்டுங்கள். ஏ3 தாளில் 25 சென்டிமீட்டர் உயர உருவத்துக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் வரும். அதைப்போல் ஒன்றரை மடங்கு கம்பி வெட்டிக்கொள்ளுங்கள். சுழிக்கும் பூட்டுக்கும் கம்பி போகும் என்பது ஒரு காரணம்.

பெரிய காரணம் வேறு. நம்மை நோக்கி நீளும் கை தாளில் குறுகித் தெரியும். 4 சென்டிமீட்டராக வரைந்த முன்கை உண்மையில் 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டியதாக இருக்கும். நூல் அந்த 4-ஐத்தான் சொல்லும். எண் 1-லிருந்து 3-க்கோ 4-க்கோ பாயும் துண்டுகளின் நீளத்தை, பக்கத்திலிருந்து வரைந்த படத்தில் அளந்து, முதல் படத்திலேயே எழுதிவையுங்கள். கை குட்டையாகிப்போன உருவங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் கெட்டவை. தொப்பியின் வட்டத்துக்கும் இதே கவனம் தேவை. தாளில் அது சின்னது, செய்யும்போது வலந்தலையைவிடப் பெரிதாக வளைக்க வேண்டும்.

8. வளைத்தல்

முதலில் கம்பியைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், கறுப்பு மசகு வந்துவிடும். இரண்டு நுனியையும் சின்னக் கொக்கியாக மடித்துவிடுங்கள். கண்ணுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் அதுதான் பாதுகாப்பு. பயன்படுத்தாத நீளத்தை வளையமாகச் சுற்றி நூலால் கட்டி, தேவைப்படத் தேவைப்பட அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

வலந்தலையில் தொடங்குங்கள். அது வட்டம், அளவு தெரிந்தது, மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஆகும். ஒரு மருந்துக் குப்பியின்மேல் சுற்றினால் ஒழுங்கான வட்டம் வரும். கரணையை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். கால்டர், பாடகியும் நடனக்காரியுமான ஜோசஃபின் பேக்கரைக் கம்பியில் செய்தபோது மார்பையும் வயிற்றையும் சுருளாகச் சுற்றினார். தளம் வேண்டும், ஆனால் தகடு வைக்கக் கூடாது என்றால் சுருள்தான் வழி. வட்டத்துக்குள் மூன்று சுற்றுச் சுருள் விட்டால் கரணை வந்துவிடும். தொப்பியில் அது கிடையாது, வெறும் வளையமாகவே விடுங்கள். இரண்டு தலைக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே தெரியும்.

மெதுவான வளைவெல்லாம் விரலால். தோள், முதுகு, முன்கை இவற்றைக் கட்டைவிரலால் நீவி நீவி வளையுங்கள். கொறடு மூட்டுக்கு மட்டும்: முழங்கை, மணிக்கட்டு, விரல் மடிப்பு, மூக்கு நுனி. எல்லாவற்றுக்கும் கொறடு போடுகிறவர்களின் உருவம் எலும்பு முறிந்ததுபோல் இருக்கும், கொறடுப் பல் பதிந்த தடமும் போகாது.

ஒரு துண்டு முடிந்ததும் தாளின்மேல் வைத்துப் பார்ப்பது சரிதான். ஆனால் தாளில் அழுத்திப் பொருத்தாதீர்கள், முன்பின் எல்லாம் தட்டையாகிவிடும். தாளுக்கு மேலே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அன்று நீங்கள் உட்கார்ந்து பார்த்த கோணத்தில் பாருங்கள். கோட்டோடு பொருந்தினால் உடனே பக்கவாட்டில் திருப்பி எண்களோடும் சரிபாருங்கள். இந்த இரண்டு பார்வையும் ஒவ்வொரு துண்டுக்கும் வேண்டும். முழு உருவத்தையும் முடித்துவிட்டுத் திருத்தலாம் என்று விட்டால் எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரே இடத்தில் நாலைந்து முறை வளைத்து நிமிர்த்தினால் கம்பி இறுகிவிடும், அடுத்த வளைப்பில் ஒடியும். முதலில் விறைப்பு கூடுவது விரலுக்கே தெரியும். தெரிந்ததும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தோள் கால் அங்குலம் உயர்ந்துவிட்டால் உயர்ந்தபடி இருக்கட்டும், மற்றத் தோளை அதற்கேற்ப இறக்கலாம். ஒடிந்தே போனாலும் பயமில்லை, இரண்டு நுனியையும் கொக்கியாக்கிப் பூட்டி அழுத்துங்கள். மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒடிந்தால் அந்தப் பூட்டு மூட்டாகவே தெரியும்.

வலது கையைக் கடைசிக்கு முன் செய்யுங்கள். ஐந்து விரலும் வேண்டாம். தங்கும் மோதிர விரலுக்கு ஒரு நீண்ட மடிப்பு, அது கரணைச் சுருளின் ஓரத்தைத் தொடட்டும். எழும்பிய ஆள்காட்டி விரலுக்கு ஒரு மடிப்பு, அதன் நுனிக்கும் மீட்டுக்கும் நடுவே ஓர் அரிசி நீளம் இடைவெளி இருக்கட்டும். நான் பார்த்ததில் உருவம் முழுவதையும் வாசிக்கவைப்பது இந்த இடைவெளிதான். இதை மூடிவிட்டால் வாசித்து முடித்தவர், அதிகம் திறந்துவிட்டால் கையெடுத்துவிட்டவர். முதல் கம்பியின் நுனியை மோதிர விரல் தொடும் இடத்தில் பூட்டி முடியுங்கள்.

9. இரண்டாவது கம்பியும் முகமும்

இடுப்பு, மடித்த இடது கால், முழங்கால், நீட்டிய வலது கால் என்று இரண்டாவது கம்பி. இது தரையில் மூன்று இடங்களில் தொட வேண்டும்: இரண்டு முழங்கால், பின்பக்கம். நான்காவதாக ஓர் இடம் தொட்டால் ஆட்டம் கொடுக்கும். மேஜைமேல் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள், ஆடி அடங்கி அதே நிலைக்கு வந்தால் சரி. பின்னால் சாய்ந்தால் முதுகை முன்னே தள்ளுங்கள், காலை நோண்டாதீர்கள்.

முகம் கடைசி. அதற்கென்று நான் அதிகம் சொல்ல மாட்டேன். ஒரே ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். வரேஸின் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய அடர்ந்த புருவம் மறக்காது. உங்கள் வித்வானுக்கு அது மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம், முன்நெற்றி வழுக்கையாக இருக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கும் தாடையாக இருக்கலாம். அந்த ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைக் காலியாக விடுங்கள். கண், காது, உதடு என்று எல்லாவற்றையும் திணித்தால் தலை மட்டும் கனத்து, கைமீது யாரும் பார்வையை வைக்க மாட்டார்கள்.

10. விளக்கின் முன்

கட்டுக்கம்பி துருப்பிடிக்கும், கடலோர ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பாகிவிடும். மறுபடி துடைத்து, நிறமில்லாத வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள். பிரஷ் வேண்டாம், துணியில் தொட்டுத் தடவினால் சொட்டு தேங்காது.

பிறகு வெள்ளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி உருவத்தை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரே ஒரு பல்பு போடுங்கள். சுவரில் ஒரு கோட்டோவியம் விழும். விளக்கை மெல்ல நகர்த்துங்கள். மிருதங்கம் நீளும், தலை சாயும், முழங்கை விரியும். உங்கள் பதினைந்து தாள்களில் இல்லாத ஒரு கோணம் எங்கேயாவது வந்து நிற்கும். அந்த இடத்தில் விளக்கை நிறுத்தி, சுவரில் ஒரு தாளை ஒட்டி, விழுந்திருக்கும் நிழலின்மேலேயே பேனாவை எடுக்காமல் ஓட்டுங்கள்.

தேதி போட்டு அந்தத் தாளை வித்வானிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு அவர் உட்கார்ந்ததும், வலது கையைப் பற்றி ஏதாவது சொல்வார். பேனாவைத் திறப்பதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.